வாரண்டி

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
கை பொருத்தும் அறைக்கு ஜன்னல் இல்லை.
இனயத்துக்காரி ரெக்ஸ்லின், வயசு பதினாலு,
ஐஸ் அரைக்கும் மிஷின் தின்றதுபோக
மிச்சமிருந்த வலக்கையை என்னிடம் நீட்டியிருக்கிறாள்.
இடக்கையில் போன்.
ஜப்பான்காரன் வரைந்த சிறுமி அதில்
துப்பாக்கியைத் துடைக்கிறாள்.

"இவளுக்கு ரெண்டும் இரும்புக் கை சார்.
பழசு மறக்க ஊசி போட்டாச்சு.
பேரும் அந்த ஆளு இட்டதாக்கும்."

அந்த ஆளைப் பார்த்தேன். கோட்டு, நல்ல ஷூ.
அன்பாகத்தான் பேசுகிறான்,
வளர்த்த நாயிடம்போல.

வாரை இறுக்கி, வலிக்குதா என்றேன்.
"இல்லாத விரலுதான் வலிக்கு.
மழைன்னா சுண்டுவிரலு."

மறக்க ஊசி உண்டா என்று அவள் கேட்கவில்லை.
நானாக, இல்லை என்றேன்.

"இதுல வாற பிள்ளையெல்லாம்
சீக்கிரம் செத்துப்போவும்.
இதுக்கு எத்தன வருஷம்?"

கைக்குத்தான் கேட்கிறாள்.
ரெண்டு வருஷ வாரண்டி,
உப்புத்தண்ணி மட்டும் ஆகாது.
சிரித்தாள்.
"வீட்டு நடையிலயாக்கும் சார் கடலு."

புதுக்கையால் திரையைத் தொட்டாள்.
அது விரலென்று போனுக்குத் தெரியவில்லை.
மறுபடி தொட்டாள்.
அதற்குள் சிறுமி மூன்று பேரைச் சுட்டிருந்தாள்.
நாலாவது ஆள் கதவைத் திறக்கையில்
ரெக்ஸ்லின் குனிந்து
மூக்கால் நிறுத்தினாள்.