ஓர் உயிரும் இரண்டு மெய்யும்

ஹொராட்சியு கேட்டது இவ்வளவுதான்:
காபிக்கடை ஜன்னலில் வைக்க வேண்டும்,
மின்னினால் போதும்,
அடிக்க வேண்டிய அவசியமில்லை.

மின்ன மட்டும் வைப்பது எப்படியென்று
லுக்ரேசியாவுக்குத் தெரியாது.
பகலில் டிமிஷோரா டிராம்களுக்கு பிரேக் பார்ப்பவள்.
ஓடாத ஒன்றைத் துடைத்து மட்டும் வைத்தால்
அவளுக்கு இரவு தூக்கம் வராது.

ஆகவே கழற்றினாள்.
மேல்மூடி, ரிப்பன் கிண்ணம், உருளை, வண்டி.
முட்டை அட்டைக் குழிகளில் திருகாணிகள்,
குழிக்குக் குழி எண் எழுதி.
ஒன்று மட்டும் உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது.
அதைத் தேடியதில் ஒரு சனிக்கிழமை போனது.

எந்திரத்தின் வயிற்றுக்குள்
ரப்பர் துகள், சிகரெட் சாம்பல்,
சூரியகாந்தி விதைத்தோல் பதினொன்று,
நரைத்த மயிர் ஒன்று,
பூனையுடையதோ ஆளுடையதோ.
கடைசியில் சட்டகம் மட்டும்,
மீனைத் தின்றுவிட்டு வைத்த முள்போல.

மண்ணெண்ணெயில் இரண்டு நாள்.
பித்தளைத் தூரிகை. மறுபடி மண்ணெண்ணெய்.
வண்டியை இழுக்கும் நாடா அறுந்திருந்தது.
பேகா கால்வாயில் ஒன்றும் பிடிக்காமலே
மாலைதோறும் திரும்பி வரும் செவெரினிடம்
ஒரு முழம் தூண்டில் நரம்பு வாங்கினாள்.
'கடைசியில் இதில் ஏதாவது மாட்டட்டும்' என்றான்.

பிறகு எழுத்துக் கம்பிகள்.
பல் பார்ப்பவரைப்போல விளக்கைச் சாய்த்து
ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.
நாற்பத்தொன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
மூன்று மட்டும் வேறு.
ஆ. ரே. தே.
ஈயப்பற்று மேடுதட்டி, அவசரமாக, கைநடுக்கத்தோடு.
எழுத்தின் முதுகில்
மற்றவற்றுக்கு இல்லாத சிறு வெட்டுக்குறி.

மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.
டிரெஸ்டனில் உதிரி எழுத்து விற்பவர் ஒருவர் உண்டு.
மூன்றுக்கும் பணம் அனுப்பியும் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை,
ஏழாம் எண் டிராமுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது
சோதனைக்காரர் வருகிறார், சீக்கிரம்,
ஒன்பதின் கட்டையைக் கழற்றி ஏழில் மாட்டு என்றார்கள்.
மாட்டினாள்.
பாதித் திருகில் கை நின்றது.

அந்த ஆண்டுகளில்
தட்டச்சுப்பொறியையும் துப்பாக்கிபோல் பதிவுசெய்ய வேண்டும்.
காவல் நிலையத்துக்குச் சுமந்து போய்
எல்லா எழுத்தையும் ஒரு தாளில் அடித்துக் கொடுக்க வேண்டும்.
எந்தக் கதவிடுக்கிலாவது ஒரு துண்டுத்தாள் கிடந்தால்
அதை இதோடு வைத்துப் பார்ப்பார்கள்.
தலையெழுத்து என்பது அங்கே
கோப்பில் இருந்தது.

அப்படியானால் ஒன்றல்ல, இரண்டு எந்திரம்.
எங்கோ இன்னொரு வீட்டில்
இதனுடைய ஆவும் ரேயும் தேயும்.
பெண் கொடுத்துப் பெண் எடுத்ததுபோல்
ஓர் உயிரும் இரண்டு மெய்யும் போய்
ஓர் உயிரும் இரண்டு மெய்யும் வந்திருக்கின்றன.
யார், யாரோடு, எந்தச் சமையலறையில்,
யார் விளக்குப் பிடித்தது,
பிடிபட்டார்களா.

அல்லது இதெல்லாம் ஒன்றுமே இல்லை.
எழுத்து தேய்ந்தது,
பழுது பார்த்தவன் கையில் கிடைத்ததை ஒட்டினான்.
அதுவும் நடக்கக்கூடியதே.
அவளே எத்தனை முறை செய்திருக்கிறாள்.

பொட்டலம் வந்தது.
பஞ்சுக்குள் மூன்று எழுத்து, பால்பற்கள்போல.
பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள்.
ஈயத்தை உருக்கவில்லை.

சட்டகத்திலிருந்து மேலே,
குழிக்குழியாக முட்டை அட்டை காலியானது.
வரி முடியும் இடத்தில் மணி அடித்தது.
பக்கத்து அறையில் செவெரின்
யாரோ வந்திருக்கிறார்களென்று கதவைத் திறந்து பார்த்தான்.

ஹொராட்சியு வந்தான்.
அடிக்கத் தேவையில்லை என்றவன்
நின்ற வாக்கில் தன் பெயரையே அடித்துப் பார்த்தான்.
ஆவும் ரேயும் தேயும்
ஒரு மயிரிழை மேலே நின்றன,
கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவர்கள்போல.

'மூன்று எழுத்து துள்ளுகிறதே?'

அவளிடம் சொல்ல நிறைய இருந்தது,
நிரூபிக்க ஒன்றும் இல்லை.
துணியால் கையைத் துடைத்துக்கொண்டு
'மின்னுகிறதா, இல்லையா?' என்றாள்.
டிரெஸ்டன் செலவைக் கழித்துவிட்டு
மீதியை வாங்கிக்கொண்டாள்.