இருபதாவது வளைவு

"எல்லாருக்கும் அரையாண்டு லீவு விட்டாச்சு.
நமக்கு எப்பம்மா?" என்று கேட்டாள் செலின்.
வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு
லீவு எந்தக் கதவு வழியாக வரும்?
யோசித்துப் பார்த்தேன். பிறகு
மேசை மேலிருந்த கணக்குப் புத்தகங்களை
அரிசி டிரம் மேல் தூக்கி வைத்துவிட்டு
"இப்ப விட்டாச்சு" என்றேன்.
மணியடிக்க ஆளில்லை.
ஜெனோ கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினான்,
நாகலூர் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

குடில் கட்ட வேண்டும்.
ஒண்டிக்கடையில் தெர்மாகோல் மலை இருநூற்றைம்பது ரூபாய்.
எங்களிடம் இருந்தது
சிமெண்ட் பைக் காகிதம் நாலு,
காப்பிக்கொட்டை காயப்போட்ட கிழிந்த சாக்கு,
சேகோ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தம்பி
சேலத்திலிருந்து கொண்டுவந்த நொறுங்கல் ஜவ்வரிசி.
அதைப் பசை காய்ச்சினேன்.
வெள்ளையாக இருந்தது,
பார்த்துக்கொண்டே இருக்கும்போது கண்ணாடி ஆகிவிட்டது.
"வெள்ளை எப்பப் போச்சு?"
அடுப்பருகே ஸ்டூல் போட்டு நின்று
மறுபடி காய்ச்சச் சொன்னாள் செலின்.
இரண்டாம் முறையும் அந்த நொடியைத் தவறவிட்டோம்.

சில்வர் ஓக் இலையை நிமிர்த்தி ஒட்டினால் புல்.
கவிழ்த்து ஒட்டினால் பனி.

பெத்லகேமுக்கு வழி எது என்று கேட்டேன்,
ஏதோ புவியியல் நடத்துகிற நினைப்பில்.
ஜெனோ யோசிக்கவே இல்லை.
கறுப்புத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி
அடிவாரம் செக்போஸ்டில் ஆரம்பித்து
மடக்கி மடக்கி மேலே ஒட்டிக்கொண்டு போனான்,
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் நம்பர் சொல்லி.
போன வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர்
சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்:
பத்துக்கு மேல் வாய் திறப்பதில்லை.
பத்தொன்பதில் பசை தீர்ந்தது.
"இன்னும் ஒண்ணு இருக்கு! இன்னும் ஒண்ணு!"
என்று அவன் போட்ட சத்தத்தில்
மூன்றாம் முறை காய்ச்சினேன்.

ஞானிகள் மூவரும் ஐந்து ரோட்டில் பஸ் ஏறினார்கள்.
ஒட்டகத்துக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று
பிள்ளைகளுக்குள் அடிதடி.
வெள்ளைப்போளம் வைத்திருந்தவர்
பதினாலாவது வளைவில் வாந்தி எடுத்தார்.
முகர்ந்து பார்க்க அவருக்கு ஒரு எலுமிச்சை கொடுத்தாள் செலின்,
மஞ்சள் சாக்பீஸில் கிள்ளிய துணுக்கு.

கடைசி ட்ரிப் முடிந்து
ஒன்பது மணிக்கு மேல் ஸ்தனிஸ் வந்தார்.
செருப்பைக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.
மாட்டைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்க்கவில்லை,
ரோட்டைப் பார்த்தார்.
"டேய், எட்டாவது தப்பு.
ஏறும்போது அது வலது பக்கம் திரும்பும்.
இந்த ரோட்ல வந்தா வண்டி பள்ளத்துலதான்."

"நீங்க ஸ்டியரிங்லேர்ந்து பாக்குறீங்கப்பா.
நான் நட்சத்திரத்துலேர்ந்து பாக்குறேன்."

இருபத்திரண்டு வருஷ டிரைவர்
வாயைத் திறந்து, மூடினார்.
காக்கிச் சட்டையோடு ஸ்டூல் மேல் ஏறி
உத்தரத்தில் கட்டிய மூங்கில் நட்சத்திரத்தின் பக்கத்தில்
தலையைச் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
"ம்" என்றார்.
"இருந்தாலும் ஹாரன் அடிச்சுத்தான் திரும்பணும்."

எல்லாரும் படுத்த பிறகு பாட நோட்டை எடுத்தேன்.
தேதி போட்டேன்.
பாடம் என்ற கட்டத்தில் ஜவ்வரிசி என்று எழுதி, அடித்தேன்.
விரலில் மிச்சமிருந்த பசையில்
அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

விடிந்தபோது ஜன்னல் வழியே மஞ்சு உள்ளே வந்திருந்தது.
எதுவும் காயவில்லை.
நட்சத்திரத்தின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது.
ஜவ்வரிசியை மோப்பம் பிடித்த எறும்புகள்
அடிவாரத்திலிருந்து தொழுவம் வரைக்கும்
வளைவு தவறாமல் ஏறிக்கொண்டிருந்தன.
ஈரத் துணியோடு போனேன்.
போர்வைக்குள்ளிருந்து ஜெனோ கத்தினான்:
"அம்மா, தொடாத!
பண்டிகைக் கூட்டம். ஸ்பெஷல் பஸ் விட்டிருக்காங்க."