ஊழியர் எண் 4417

பட்டம் வாங்கி ஏழாவது மாதம்
பாயான் லெப்பாஸில் வேலை.
கழுத்து அட்டையில் தரவு ஆய்வாளர்.

கோலாலம்பூர் வங்கிக்குப் போன சர்வீனா
கடன் கேட்பவர்களுக்கு மதிப்பெண் போடுகிறாள்,
தன் படிப்புக் கடன் பாக்கியை
யாரிடமும் சொல்லாமல்.
கவினேஷ் இன்னும் நேர்காணல்களில்.
'மூன்று வருட அனுபவம்' என்ற வரியில்
ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறான்.
இடையில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகிறான்;
எந்தத் தெருவில் எப்போது ஆர்டர் குவியும் என்று சொல்ல
அவனுக்கு மாடல் எதுவும் தேவையில்லை.

எனக்கு வந்த முதல் கேள்வி:
இரவு ஷிப்டில் சில்லுகள் கெடுகின்றன,
யாரால் என்று பார்.

ஊழியர் எண் வாரியாகப் பிரித்தேன்.
4417 சிவப்பாய் எரிந்தது.

கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து
மீ கோரேங் சாப்பிட்டேன், பெயர் கேட்காமல்.
பட்டர்வொர்த்திலிருந்து வரும் கம்பெனி பஸ்
பாலத்தில் நின்றுபோகும் இரவுகளை
அவளாகவே சொன்னாள்.
இறங்கியதும் ஓட்டம், கையுறை, நேரே மெஷின்.
தண்ணீர்கூடக் கிடையாது.

பஸ் வந்த நேரம்
என் கோப்பில் இல்லாத நெடுவரிசை.
காவலாளியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது,
நீல மையில், மலாயில்.
மூன்று இரவு உட்கார்ந்து தட்டினேன்.

சிவப்பு இடம் மாறியது.

வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும்.
மேலாளர்
பெயரைத்தான் கேட்டிருக்கிறார்.