சீனி மணலான நாள்

திங்கட்கிழமை பசார் மாலாமில்
மண்ணெண்ணெய் வாடைக்கும் அப்பம் பாலிக்குக்கும் நடுவே
வேதநாயகியின் மேசை.
சிறுகுறிஞ்சான் பொடி முப்பத்தெட்டு ரிங்கிட்,
குளிகை என்றால் ஐம்பத்தைந்து.
"இனிப்பு நீர் இருந்த இடம் தெரியாது, அண்ணே."

பச்சை இலை ஒன்றை மெல்லத் தந்தாள்.
கசந்தது.
அப்புறம் ஒரு கரண்டி சீனி,
நாக்கில்.
மணல்.
சுத்த ஆற்று மணல்!

கைதட்டினோம்
நானும் லோரி கிளீனர் ஜெகசோதியும்.

மூன்று மாதம் கிளினிக் மாத்திரை
டாஷ்போர்டு வெயிலில் வெந்தது.
செம்பனைக் குலை ஏற்றி
மில் வாசலில் எடைக்கு நிற்கையில்
நாலு முறை இறங்கிப் புதரோரம் போனேன்.
ஐந்தாம் முறை போனபோது
எறும்புகள் வரிசையில் இருந்தன.

விரலைக் குத்திய மிஸ்ஸி நோராய்னி
பதினேழு புள்ளி இரண்டு என்று எழுதினார்.
திட்டவில்லை.
டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.
"குடித்ததில் கோபமில்லை, ஒளித்ததில்தான்.
நாக்கு மறந்தால்
இரத்தமும் மறக்குமா?"

செருப்பைக் கழற்றச் சொன்னார்.
ஒன்றுதான் இருந்தது.
கிளச்சு மிதிக்கும் காலின் ஜப்பான் சிலிப்பர்
எந்த லைனில் விழுந்ததோ.

"கண்ணை மூடுங்கள்.
நைலான் நரம்பால் பாதத்தைத் தொடுவேன்,
தொட்டதும் சொல்லுங்கள்."

மூடினேன்.
மேலே காற்றாடி கிறீச்சிட்டது,
யாரோ நாற்பத்து மூன்று என்று கூப்பிட்டார்கள்.

"தொடுங்க மிஸ்ஸி,
லோரி வெயில்ல நிக்குது."

"ஐந்து முறை
தொட்டுவிட்டேன்."