கழிமுள்ளி

சபறுள்ளா கத்தாரிலிருந்து மூன்று படம் அனுப்பியிருந்தார்.
மூன்றும் ஒரே வீட்டுக்கு.
மருதமுனையில் பதினோரு பேர்ச் காணி,
கடலுக்கு முதுகு காட்டியபடி.

முதல் படம் கிரேக்கம்.
அந்தப் பழைய தூணுக்குப் பாதமில்லை,
செருப்பில்லாமல் கற்படியில் நிற்கிறது.
நடுவில் சற்றே புடைத்திருக்கிறது,
நெல்மூட்டையைத் தோளில் வாங்கியவன்
மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டதைப் போல.
அதன் தம்பி தலையில்
இருபுறமும் சுருட்டிய பாய்.
இரண்டும் வேண்டாமாம்.
மூன்றாவது, இலை வைத்த தூண்,
அதுதான் வேண்டுமாம். ஆறு.

இரண்டாவது ரோம்.
வளைவைக் கண்டால் எனக்கு
எங்கள் ஒழுங்கைப் பெண்களின் சீட்டு ஞாபகம் வரும்.
ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கிறது,
பக்கத்துக் கல் விடுவதில்லை.
எல்லாரும் எல்லாருக்கும் கடன்,
ஆகவே ஒருத்தியும் ஓட முடியாது.
வளைவைச் சுமக்கவிட்டு
தூணைச் சுவரில் அழகுக்கு ஒட்டியவர்களும்
ரோமர்தான்.
கல்முனையில் பார்மசிக்கு மேலே
இந்த ஒன்றரை அறையில் இருந்துகொண்டு
நானும் அதைத்தான் செய்கிறேன்.

கடைசிப் படத்தை
அவருடைய மகள் தெரிந்திருக்க வேண்டும்.
கூர்வளைவு ஜன்னல், நிறக் கண்ணாடி.
கொதிக் ஆலயத்தில் சுவருக்கு வேலை குறைவு,
பாரத்தை வெளியே நிற்கும் கைகள் வாங்கிக்கொள்ளும்,
கரையேற்றிய தோணிக்கு
இருபக்கமும் முட்டுக்கொடுக்கிறோமே, அப்படி.
உள்ளே அண்ணாந்தால்
கவிழ்த்த தோணியின் விலா எலும்புகள்.
ஒன்பதடிக் குசினியில்
அதை எங்கே வைப்பது?

நான் ஒரு வொயிஸ் அனுப்பினேன்.
'ஐயா, அந்தத் தூண்கள் எதையும் சுமக்காது.
உள்ளே ஒன்பதுக்கு ஒன்பது கொங்கிரீட்,
நாலு பதினாறு மில்லிக் கம்பி,
பாரம் அதற்கு.
வெளியே வருவது வெறும் கோது.
ஒன்றின் விலையில்
கூரைக்கு நல்ல ஓடு போடலாம்.'

இரண்டு நாள் பதிலில்லை.
பிறகு இரவு ஒன்றேகாலுக்கு,
பின்னால் ஏதோ ஏசி இரைய:
'புள்ள, அண்டைக்குக் கடல் வந்து பெய்த்த பொறகு
சுவரெல்லாம் இல்ல.
கதவு இல்ல. கெணறு மணலா நெறஞ்சி கெடந்திச்சி.
தூண் மட்டும் நிண்டிச்சி, நாலு.
அதப் புடிச்சித்தான் நான்.'

அவ்வளவுதான்.
யாரைப் பிடிக்க முடியாமல் போனது என்று
அவர் சொல்லவில்லை.

கொறிந்து நகரில் ஒரு சிறுமி இறந்தாளாம்,
அவள் சாமான்களைக் கூடையில் இட்டு
கல்லறைமேல் வைத்து
நனையாதிருக்க ஓடொன்றால் மூடினார்களாம்.
அடியிலிருந்து முள்ளியொன்று முளைத்து
கூடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டதாம்.
இலைத்தூண் பிறந்த கதை,
பாடக்குறிப்பில் நாலு வரி.
அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன்.
கல்லடிப் பாலத்துக்கு அப்பால்
வாவியின் சேற்றோரம்
அதே முள்ளியின் உறவுக்காரி,
கழிமுள்ளி,
நீலப்பூவும் ஈரக்காலுமாய்.
இதே கரையைப் பாடியவர்கள் போல
முண்டகம் என்றும் அழைக்கலாம்,
திரும்பிப் பார்க்காது.
மூன்று கொப்பு ஒடித்தேன்,
அது என் கட்டைவிரலை எடுத்துக்கொண்டது.

தாண்டவன்வெளியில் அச்சு வார்க்கும்
அல்றோய் ஒக்கர்ஸ் கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'ரெடிமேட் அச்சு இருக்கே பிள்ளை,
வழவழவென்று, கோவா இலை மாதிரி.
இந்த முள்ளெல்லாம் வார்த்தால்
துடைக்கிறவன் கை கிழியும்.'
கிழியட்டும் என்றேன்.
எனக்கே கொஞ்சம் அதிகமாய்ப் பட்டது.
அவர் சிரித்தார். விலை ஏற்றினார்.

கம்பியை மாற்றினேன், கோதைக் குறைத்தேன்.
ஆறை நாலாக்கினேன்.
இப்போது அவை
மெய்யாகவே மேல்மாடியைச் சுமக்கின்றன.
படிகளுக்குக் கீழே ஒரு ரோம வளைவு,
சைக்கிள் விட.
மகளின் அறைக்கு ஒரே ஒரு கூர்ஜன்னல்,
மேற்கே, வயல்பக்கம்.
நாலரை மணிக்கு நிறம் தரையில் விழும்,
மழை நாளில் விழாது.

சபையில் படிவம் நீட்டினார்கள்.
கட்டட வகை: வதிவிடம், வர்த்தகம், வழிபாடு, வேறு.
பேனா நின்றது.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்.
வதிவிடம் என்று புள்ளடி போட்டு
விரலில் கட்டிய பிளாஸ்டரோடு
கையெழுத்து வைத்தேன்,
சற்றுக் கோணலாய்.