கழுத்துப்பட்டையின் உள்பக்கம்

பந்தயம் இதுதான்:
உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை
ஒரே ஒரு நாள்
இந்த நாட்டில் தைத்ததை மட்டும் உடுத்தி
நான் வேலைக்கு வரவேண்டும்.
தோற்றால் டெல்மர் ப்ரூயிட்டுக்குக் காலைச் சாப்பாடு,
இரண்டாம் கோப்பைக் காப்பி உட்பட.

சவன்னா துறைமுகத்தில்
கன்டெய்னர் இழுக்கிற லாரிக்காரர்கள் நாங்கள்.
பேச்சு எப்படித் தொடங்கியதென்று நினைவில்லை.
வரிசை நகராத ஒரு செவ்வாய்க்கிழமை,
அவ்வளவுதான்.

காலுறை எளிதாகக் கிடைத்தது.
ஆறு ஜோடி, சாம்பல் நிறம்,
குதிகாலில் தடித்த பின்னல்.
அட, இவ்வளவுதானா என்று
ஒருநாள் முழுக்க இளக்காரமாகத் திரிந்தேன்.

ஜீன்ஸ் என்னைத் தரையில் இறக்கியது.
கடை கடையாக ஏறி
இடுப்புப் பட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
நெடுஞ்சாலையோரப் பெரிய கடையில்
காவலாளி ஒருவர் பின்னாலேயே வந்தார்.
நல்ல மனிதர்.
விஷயத்தைச் சொன்னதும்
தன் சீருடைக் கழுத்தையே திருப்பிக் காட்டி
"ஹோண்டுராஸ்" என்றார்,
வருத்தமா பெருமையா தெரியவில்லை.

'இறக்குமதித் துணியில் இங்கே தைத்தது'
என்றது ஒரு சீட்டு.
'இங்கே வடிவமைத்தது' என்றது இன்னொன்று:
கொடி பெரிதாக,
தைத்த ஊர் எறும்பு அளவில்.
டெல்மரைக் கூப்பிட்டேன்.
துணியை விடு, தையல்தான் கணக்கு என்றான்.
ஜிப்?
கொஞ்சம் யோசித்து
ஜிப்பை மன்னித்தான்.

ஜட்டிக்குத்தான் நான்கு வாரம்.
ராத்திரி ராத்திரியாக
எலாஸ்டிக் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.
"உன் ஜட்டியின் பூர்வீகத்தை
டெல்மர் எப்படிப் பார்க்கப் போகிறான்?"
என்று கேட்டாள் கார்லிஸ்.
நேர்மை என்று ஒன்று இருக்கிறது என்றேன்.
அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

கடைசியாக டி-ஷர்ட்.
வடக்கே இரண்டு மணி நேரம், ஹார்லன் க்ரீக்.
தையல் கூடத்தை ஒட்டிய சின்னக் கடை.
பின்கதவு திறந்திருந்தது,
உள்ளே சோளம் பொரிகிறாற்போல் இயந்திரங்கள்.
"முப்பத்தெட்டு டாலர்" என்றாள் ஒனீடா.
மூன்றும் சேர்த்தா?
"ஒன்று."
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மூலையிலிருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினாள்:
"கோணல் தையல். பன்னிரண்டு."
நீல நிறத்தில் ஒன்று எடுத்தேன்.
இடது கை ஒரு விரல் நீளம் அதிகம்.
போகட்டும்,
இந்த நாட்டுக் கோணல்தானே.

பந்தய நாளுக்கு முந்தின இரவு
போட்டுப் பார்த்தேன்.
கழுத்துச் சீட்டு முள்ளாகக் குத்தியது.
சொறிந்துகொண்டே தூங்கிப்போனேன்.
காலையில் குத்தவில்லை.
துவைத்தது போலிருக்கிறது என்று நினைத்தேன்.
சட்டையை யாரும் துவைக்கவில்லை என்பது
எனக்கு உறைக்கவில்லை.

உணவகத்தில், எல்லார் முன்னாலும்,
டெல்மர் என் காலரில் விரலை விட்டு இழுத்தான்.
நூல் முனை இரண்டு.
வேறொன்றுமில்லை.

கார்லிஸைப் போனில் பிடித்தேன்.
"தூக்கத்தில் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாய்,
வெட்டிவிட்டேன்" என்றாள்.
குப்பை வண்டி ஏழு மணிக்கே வந்துபோயிற்றாம்.

கையைப் பார், இந்தக் கோணலைப் பார்,
ஹார்லன் க்ரீக்குக்கு இப்போதே பேசு,
இந்தா போன் என்றேன்.
"இந்தப் போனை எங்கே செய்தார்கள்?"
என்றான் டெல்மர், முட்டையை வெட்டியபடி.

பதினாறு டாலர். டிப் தனி.
சட்டையைவிட நான்கு டாலர் அதிகம்.
பில்லை எடுத்துப்போன பெண்
எனக்கும் இரண்டாம் காப்பி ஊற்றினாள்,
கேட்காமலே.

வெளியே வண்டி காத்திருந்தது.
பின்னால் நாற்பதடிப் பெட்டி, முத்திரை உடையாமல்.
சரக்குச் சீட்டில்:
பருத்திப் பின்னலாடை, ஆண்களுக்கு,
பதினெட்டாயிரம் பவுண்டு.
அட்லான்டாவில் இறக்கவேண்டும்.

மேற்கே திரும்பினேன்.
ஜன்னல் பக்கத்து இடது கையில்
பத்தொன்பது வருடமாக வெயில் தொடங்கும் இடத்தைத் தாண்டி
ஒரு விரல் கீழேவரை
நிழல்.