பக்கத்து இருக்கையின் பிரேக்

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கும்போதுதான்
முதலில் கத்தியது,
தகரத்தில் கரண்டி இழுத்த மாதிரி.
"நீ ஓட்டுற லட்சணத்துக்கு வண்டியே அழுது" என்றார் ஜெபராஜ்.
சொல்லும்போதே அவர் வலது கால்
பக்கத்து இருக்கையின் மிதியடியில்
இல்லாத ஒரு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

பத்து வருடமாக அழுத்துகிறார்.
அந்த இடம் மட்டும் ரோமம் தேய்ந்து
எட்டணா அளவுக்கு ஓட்டை.

சர்வீஸ் சென்டரில் ஐயாயிரத்து முந்நூறு என்றான்.
ஜே.சி. ரோட்டில் ஒரு செட் ஆயிரத்து நூறு.
மீதிக்கு என் இரண்டு கை இருக்கிறது.

ஞாயிறு. இரண்டாவது ஆராதனைக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
எங்கள் தெரு சரிவு.
பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க
எதிர்வீட்டு நாகவேணி பாதி ஹாலோ பிளாக் தந்துவிட்டு
கேட்டிலேயே நின்றாள், பல் துலக்கியபடி.

ஜாக்கி ஏற்றுமுன் நட்டைத் தளர்த்த வேண்டும்.
மறந்துவிட்டேன். சக்கரம் காற்றில் சுற்றியது.
இறக்கி, மறுபடி ஏற்றினேன்.
காலிப்பரைத் தூக்கியதும்
நாலு வருடத் தூள் மூக்கெல்லாம்.
வெளிப்பக்கப் பேடு தீக்குச்சி கனம்.
உள்பக்கத்தில் அதுவுமில்லை, தடவினால் இரும்பு.
டின் ஃபேக்டரியில் தினமும் முக்கால் மணி நேரம்
ஊர்ந்தும் நின்றும்
நான் வீடுவரை கொண்டுவராத கோபமெல்லாம்
இங்கேதான் போயிருக்கிறது போல.

பிஸ்டன் உள்ளே போகமாட்டேன் என்றது.
பழைய பேடை நடுவில் வைத்து, கிளாம்ப் மாட்டி
கால் திருகு, கால் திருகாக.
மாடியிலிருந்து குரல்:
"முடியலைன்னா விட்டுடு, ஆளைக் கூப்பிடலாம்."
பதில் சொல்லவில்லை. வாயில் போல்ட் இருந்தது.

இரண்டு பக்கமும் முடிய எட்டே கால்.
கல்லை எடுத்தேன். ஸ்டார்ட் செய்தேன்.
ஹேண்ட்பிரேக்கை விட்டு, மிதித்தேன்.

கால் போய்க்கொண்டே இருந்தது.

தரை தட்டியது.
வண்டி இறங்குகிறது,
முன்னால் நாகவேணியின் ஆக்டிவா,
காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.
அந்த ஒரு நொடி
பத்து வருடமாக அவர் உட்கார்ந்திருந்த இடத்தில்
நான் உட்கார்ந்திருந்தேன்.

கை தானாக ஹேண்ட்பிரேக்கை இழுத்தது.
ஆக்டிவாவுக்கு ஒரு சாண் இருந்தது.
"ஏனாய்த்து?" என்றாள், வாய் நிறைய நுரையோடு.
ஒன்றுமில்லை என்று கைகாட்டிவிட்டு
மிதித்தேன். மிதித்தேன்.
நாலாவது மிதியில்
கீழேயிருந்து யாரோ உள்ளங்காலைத் தாங்கியதுபோல்
பெடல் நின்றது.
நகர்த்துமுன் செய்ய வேண்டியதை
நகர்த்தியபின் செய்தேன்.
மாடியில் இதைச் சொல்லப்போவதில்லை.

சோப்புத்தூள், எலுமிச்சை, மண்ணெண்ணெய்,
எதற்கும் போகவில்லை நகக்கண் கறுப்பு.
திருவிருந்தில் அப்பம் வைக்கும்போது
ஐயர் ஒரு கணம் என் விரல்களைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் அடுத்தவருக்கு நகர்ந்தார்.

திரும்பும் வழியில், அதே மேம்பாலச் சரிவில்,
ஒரு ஆட்டோ சட்டென்று குறுக்கே விழுந்தது.
மிதித்தேன்.
சத்தமில்லாமல் நின்றது.
"பரவாயில்லையே, நல்லாப் பிடிக்குது" என்றார் ஜெபராஜ்.
அவர் காலும் ஓட்டையின் மேல்.
யாருடையதைச் சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஆட்டோ போனது. நான் காலை எடுத்தேன்.
அவர் இன்னும் எடுக்கவில்லை.